கண்ணாடி ஊதும் முதல் வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டிலைச் சுற்றிக் கண்ணாடி ஊதும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. ஊரிலிருந்து உறவினர்கள் வரும்போதெல்லாம் அவற்றில் ஒன்றுக்கு அழைத்துப்போய், தடுப்புக்கு வெளியே நின்று வேடிக்கை காட்டிவந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் தடுப்பைத் தாண்டி முதல் வகுப்பில் சேர்ந்தேன். பிறகு எட்டு வாரப் பயிற்சி ஒன்றையும் முடித்தேன். அதிலிருந்து “நானும் போகலாமா?” என்று கேட்கும் தமிழ் நண்பர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை.

என் நுரையீரலுக்கு அவ்வளவு வலு இல்லை. என்னால் ஊத முடியுமா?

முடியும். விறகடுப்பு எரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஊதாங்குழல் நினைவிருக்கும். ஈர விறகைப் பற்றவைக்கப் பாட்டி ஊதிய ஊதலில் கால்வாசிகூட இங்கே தேவையில்லை. குழாயின் முனையில் இருக்கும் கண்ணாடி போதிய சூட்டில் இருந்தால், சூடான தேநீரை ஆற்ற ஊதும் அளவு மூச்சே போதும். முதல் குமிழிக்கு மட்டும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குழாயில் சட்டென்று ஊதி, அந்த நொடியே அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்துவிடுவார்கள். உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரியும். நீங்கள் ஊதாமலேயே, கண்ணாடிக்குள் ஒரு சிறு மணி போலக் குமிழி எழும். அதை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. ஆஸ்துமா போன்ற தொல்லை உள்ளவர்கள் ஊதுவதைக் காட்டிலும் பட்டறையின் வெக்கையைப் பற்றித்தான் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இதில் கடினம் எது?

சுழற்றுவது. ‘ஊதுதல்’ என்ற பெயரே புதியவர்களின் கவனத்தை வேறிடத்தில் வைத்துவிடுகிறது. உலையிலிருந்து எடுத்த கண்ணாடி தேனைப் போலத் தளர்ந்திருக்கும். குழாய் ஒரு நொடி நின்றாலும் தரையை நோக்கித் தொங்கத் தொடங்கும். ஆகவே உலைக்குள் குழாயை விட்ட கணத்திலிருந்து வேலை முடியும்வரை அது சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். நடக்கும்போதும், ஆசிரியர் பேசும்போதும், வியர்வை கண்ணில் இறங்கும்போதும்.

குழாய் சுமார் ஒன்றரை மீட்டர் நீள எஃகு. இருக்கையில் உட்கார்ந்ததும், உங்களுக்கு இருபுறமும் தண்டவாளம் போல நீளும் இரண்டு சட்டங்களின் மேல் அதைக் கிடத்தி, இடது உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். வலது கையில் கருவி இருக்கும். ஒரு கை இடைவிடாமல் பூரிக்கட்டை உருட்ட, இன்னொரு கை நுணுக்கமான வேலை செய்வது போன்றது இது. என் முதல் வகுப்பில், நான் வலது கையைக் கவனித்த ஒவ்வொரு முறையும் இடது கை நின்றுபோனது. கண்ணாடி உடனே ஒரு பக்கம் சரிந்தது.

வகுப்புக்கு முந்தைய வாரம் வீட்டில் ஒரு துடைப்பக் கட்டையை இரண்டு நாற்காலிகளின் கைப்பிடிகள் மேல் வைத்து, இடது கையால் உருட்டிக்கொண்டே வலது கையால் ஏதாவது எழுதிப் பாருங்கள். தினம் பத்து நிமிடம் போதும். வகுப்பில் அதன் பலன் நன்றாகத் தெரியும்.

எந்த மாதிரி வகுப்பில் சேர்வது?

இரண்டு வகை உண்டு. முதல் வகையில், அரை மணி நேரத்தில் ஒரு பொருள் செய்து முடிப்பீர்கள். குழாயை ஆசிரியர் சுழற்றுவார். குழாயோடு இணைத்த ரப்பர் குழலில் நீங்கள் ஊதுவீர்கள், நிறத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஓரிரு கருவிகளைத் தொடுவீர்கள். பொருள் அழகாக வரும், ஏனென்றால் அதைச் செய்தவர் ஆசிரியர். இரண்டாவது வகையில் இரண்டு மூன்று மணி நேரமோ ஒரு முழு நாளோ குழாய் உங்கள் கையில் இருக்கும். பொருள் கோணலாக வரும், ஆனால் அதைச் செய்தது நீங்கள்.

பணமும் நேரமும் இடம்கொடுத்தால் இரண்டாவது வகையில் சேருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. முதல் வகை ஒரு நினைவுப்பொருளைத் தரும்; இந்தக் கலை உங்களுக்குப் பிடிக்குமா என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. பதிவு செய்யும்முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “குழாயை நான் சுழற்றுவேனா, நீங்கள் சுழற்றுவீர்களா?” ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் தெரிய வேண்டியது பெரும்பாலும் தெரிந்துவிடும். நான்கு பேருக்கு மேல் இருந்தால் நின்று பார்ப்பதே அதிகமாக இருக்கும்.

வகுப்பில் உண்மையில் என்ன நடக்கும்?

ஒரு டம்ளர் செய்வதாக வைத்துக்கொள்வோம். உருகிய கண்ணாடி இருக்கும் உலையின் கதவைச் சற்றுத் திறந்து, முன்பே சூடாக்கிய குழாயின் முனையைக் கண்ணாடியின் மேற்பரப்பில் மெல்லத் தோய்த்து, சுழற்றி, அள்ளி எடுப்பீர்கள். தேன் ஜாடியில் கரண்டிக் காம்பை விட்டு உருட்டி எடுப்பது போல. பட்டறையில் இதை ‘அள்ளுவது’ என்றே சொல்கிறார்கள். புதியவர்களை ஆசிரியர் தோளருகே நின்று வழிநடத்துவார், அல்லது அவரே அள்ளித் தருவார்.

அடுத்து, ‘மார்வர்’ என்ற வழவழப்பான இரும்பு மேசையில் கண்ணாடியை உருட்டுவீர்கள். இரும்பு தொட்ட இடத்தில் மேற்பரப்பு கொஞ்சம் இறுகி, ஒழுங்கான உருளை கிடைக்கும். முற்காலத்தில் இது பளிங்குக் கல்லாக இருந்தது. பெயரும் பிரெஞ்சு மொழியில் பளிங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். பிறகு முதல் குமிழி. அதன் மேல் இன்னொரு முறை அள்ளல். பிறகு இருக்கையில் உட்கார்ந்து, தண்ணீரில் ஊறிய செர்ரி மரக் குழிக்கரண்டியால் உருண்டையாக்குவீர்கள். மரம் ஈரமாக இருப்பதால் எரிந்துபோகாது. கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே நீராவி ஒரு மெத்தை போல நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி ஈரச் செய்தித்தாள். பல தாள்களை உள்ளங்கை அளவுக்கு மடித்து, நன்றாக நனைத்து, வெறுங்கையில் ஏந்தி, அதன் மேல் ஆரஞ்சு நிறக் கண்ணாடியைச் சுழற்றுவார்கள். தாளின் விளிம்பு கருகும், புகை மணம் எழும், கைக்கு வெறும் வெதுவெதுப்பு மட்டுமே தெரியும். ஆயிரம் டிகிரியை நெருங்கும் ஒரு பொருளின் வடிவத்தை உள்ளங்கையால் உணர்வது வேறு எந்தக் கைத்தொழிலில் கிடைக்கும் என்று தெரியவில்லை.

அதன் பிறகு ‘ஜாக்ஸ்’ எனப்படும் பெரிய இடுக்கியால், குழாய்க்குச் சற்றுக் கீழே ஒரு கழுத்தை நெருக்குவீர்கள். பின்னால் பொருளைக் குழாயிலிருந்து பிரிக்கப்போவது அந்தக் கோட்டில்தான். ஊதிப் பெரிதாக்கி, அடியைத் தட்டையாக்கியதும், ஆசிரியர் இன்னொரு கம்பியின் முனையில் சிறிது சூடான கண்ணாடியோடு வந்து, உங்கள் பொருளின் அடியில் ஒட்டுவார். ‘பண்ட்டி’ என்று அதற்குப் பெயர். கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், குழாயில் ஒரு தட்டு. குழாய் கழன்றுவிடும், டம்ளர் கம்பிக்கு மாறிவிடும். இப்போது வாய்ப்பக்கத்தைச் சூடாக்கி, இடுக்கியால் விரிப்பீர்கள். கடைசியில் பண்ட்டியையும் தட்டிக் கழற்றினால் வேலை முடிந்தது. இதற்கு நடுவே எத்தனை முறை மறுசூட்டு உலைக்கு எழுந்து போனீர்கள் என்று எண்ணவே முடியாது.

எப்போது ஊதுவது, எப்போது மறுபடி சூடாக்குவது என்று எப்படித் தெரியும்?

இதற்குத் தமிழில் நம் சமையலறையிலேயே ஒரு சொல் இருக்கிறது: பதம். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது அம்மா ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டையாகத் திரண்டால் இறக்கிவிட வேண்டும். அரை நிமிடம் தாமதித்தாலும் பாகு முறுகி அதிரசம் கல்லாகிவிடும். கண்ணாடியும் பாகுதான். குறிப்பிட்ட ஒரு வெப்பத்தில் திடீரென்று உருகுவதில்லை. சூடு ஏற ஏற இளகும், குறையக் குறைய இறுகும். எந்த வேலைக்கு எந்தப் பதம் என்று அறிவதுதான் கலை.

பிரகாசமான ஆரஞ்சில் இருக்கும்போது அது ஓடும். அப்போது கருவி வைத்தால் குழிந்துபோகும். ஆரஞ்சு மங்கத் தொடங்கும்போது ஊதினால் குமிழி ஒழுங்காகப் பெருகும். நிறம் போய்விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. வலிந்து அழுத்தினால் விரிசல் விடும். உலையிலிருந்து எடுத்த பின் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். சூடான பகுதிதான் ஊதும்போது பெருகும், இறுகிய பகுதி அப்படியே நிற்கும். அதனால்தான் ஊதும்முன் எந்த இடத்தை ஆறவிடுவது என்று ஆசிரியர் யோசிக்கிறார். அடிப்பாகத்தைச் சற்று ஆறவிட்டு ஊதினால் பக்கங்கள் விரியும், அடி கனமாக நிற்கும்.

முதல் வகுப்பில் பதம் உங்களுக்குப் பிடிபடாது. ஆசிரியர் “இப்போது” என்று சொல்லும் கணத்தில் கண்ணாடியின் நிறத்தைப் பாருங்கள். அன்று முழுக்க அதை மட்டும் பார்த்தால்கூடப் பெரிய பாடம்.

சூட்டைத் தாங்க முடியுமா?

உருக்கு உலை சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் இருக்கும். மறுசூட்டு உலை 1,200-ஐத் தாண்டும். எண்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு அடி தள்ளி நின்றால் சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் நிற்பது போல இருக்கும். உலையின் வாய்க்கு நேரே நிற்கும் சில நொடிகளில்தான் முகமும் முன்கையும் சுள்ளென்று தகிக்கும். போகும்முன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போனவர்களுக்குத் தலைசுற்றல் வந்ததைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் போத்தல் கட்டாயம். கண்ணுக்குப் பட்டறையிலேயே பாதுகாப்புக் கண்ணாடி தருவார்கள், அதைக் கழற்றாதீர்கள்.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

பருத்தி. தலையிலிருந்து கால்வரை பருத்தியே நல்லது. நைலான், பாலியெஸ்டர் போன்ற துணிகள் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விளையாட்டு உடைகள் பெரும்பாலும் இந்த வகைதான். துப்பட்டா, தொங்கும் கைப்பகுதி வேண்டாம். மூடிய காலணி அவசியம். நீள முடியைப் பின்னிக் கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள். மோதிரம், வளையல், நீண்ட சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், உலையருகில் உலோகம் விரைவில் சூடேறித் தோலைச் சுடும்.

சுட்டுக்கொண்டால்?

சிவந்து ஒளிரும் கண்ணாடியை யாரும் தொடுவதில்லை. சுடுவது ஒளிராத கண்ணாடிதான். 500 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டால் கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாது. கடையில் வாங்கிய டம்ளர் போலவே சாதுவாக இருக்கும். தரையில் கிடக்கும் துண்டைக் குனிந்து எடுக்காதீர்கள். குழாயின் எந்தப் பகுதியைப் பிடிப்பது என்பதை ஆசிரியர் காட்டும்போது கவனமாகக் கேளுங்கள், முன்பாதி எப்போதும் சூடு.

சுட்டுவிட்டால் உடனே ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம். நம் வீடுகளில் பற்பசை, பேனா மை, மாவு, எண்ணெய் எல்லாம் தடவும் பழக்கம் உண்டு, எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

முதலில் எந்தப் பொருளைச் செய்வது நல்லது?

பேப்பர்வெயிட், அதாவது காகிதங்கள் பறக்காமல் மேலே வைக்கும் கனம். அதில் ஊதுவதே இல்லை, கெட்டிக் கண்ணாடி. அதனால் அள்ளுவது, சுழற்றுவது, சூட்டைப் படிப்பது ஆகிய மூன்றையும் பதற்றமில்லாமல் பழகலாம். ஊதித்தான் ஆக வேண்டும் என்றால் உருண்டை செய்யுங்கள். மூச்சும் சுழற்சியும் சேர்ந்தால் கண்ணாடி தானே விரும்பிப் போகும் வடிவம் அதுதான். முற்காலத்தில் மீன்வலைகளை மிதக்கவைக்க ஊதிய கண்ணாடி உருண்டைகளைப் பயன்படுத்தினார்கள். ஜப்பானிய மீனவர்களின் உருண்டைகள் பசிபிக் கடலைக் கடந்து வாஷிங்டன், ஓரிகன் கடற்கரைகளில் ஒதுங்கியதுண்டு. அப்படி ஒன்றை முதல் நாளிலேயே செய்துவிட முடியும். கிண்ணம், பூச்சாடி, காம்புள்ள கோப்பை எல்லாம் பிறகு.

எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பது?

முதல் பொருளைத் தெளிந்த கண்ணாடியிலேயே செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், பெரும்பாலோர் கேட்பதில்லை. தட்டுத் தட்டாக வண்ணக் கண்ணாடித் துகள்கள் வரிசையாக இருக்கும்போது ஆசையை அடக்குவது சிரமம் என்பது புரிகிறது. ஆனால் தெளிந்த கண்ணாடியில்தான் குமிழி நடுவில் இருக்கிறதா, சுவர் ஒரே கனமா என்பதெல்லாம் தெரியும்.

நிறம் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஒன்றோ இரண்டோ போதும். சூட்டில் எல்லா நிறமும் ஆரஞ்சாகவே தெரியும் என்பதால், ஆறிய பிறகு என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கோபால்ட் நீலம் மிக வலுவானது. கொஞ்சம் தூவினாலே பொருள் முழுக்க ஆழ்நீலமாகிவிடும், மிகுந்தால் கருப்பாகத் தெரியும். செம்பு இளநீலப் பச்சையையும் தரும், சூழ்நிலை மாறினால் சிவப்பையும் தரும். நுண்ணிய அளவு தங்கம்தான் கண்ணாடிக்கு மாணிக்கச் சிவப்பைக் கொடுக்கிறது. வீட்டிலிருந்து உடைந்த போத்தலையோ வளையலையோ கொண்டுவந்து சேர்க்கலாமா என்று கேட்காதீர்கள். ஆறும்போது எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பொருந்தாத இரண்டு கண்ணாடிகள் ஒன்றையொன்று இழுத்து விரிசல் விடும்.

செய்ததை அன்றே எடுத்துப் போகலாமா?

முடியாது. முடித்த பொருள் ஆற்றும் உலைக்குள் போகும். அது ஏறத்தாழ 480 முதல் 510 டிகிரியில் இருக்கும். அங்கே சிறிது நேரம் நிறுத்தி, பிறகு இரவு முழுவதும் மெல்ல மெல்லக் குளிரவைப்பார்கள். வெளியில் வைத்தால் மேற்பரப்பு முதலில் ஆறி இறுகிவிடும், உள்ளே இன்னும் சூடாக இருக்கும். பிறகு உள்பகுதி சுருங்க முயலும்போது வெளிப்பகுதி விடாது. அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கி, பத்து நிமிடத்திலோ பத்து நாளிலோ பொருளைப் பிளந்துவிடும்.

கனம் கூடக் கூட நேரமும் கூடும். கலிபோர்னியாவின் பாலோமர் மலைத் தொலைநோக்கிக்காக 1934-இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரில் வார்த்த 200 அங்குலக் கண்ணாடி வட்டை ஆற்றுவதற்குப் பத்து மாதம் பிடித்தது. உங்கள் டம்ளருக்கு ஓர் இரவு. மறுநாளோ அந்த வாரத்திலோ போய் வாங்கிக்கொள்ளலாம், வெளியூர் என்றால் பெரும்பாலான பட்டறைகள் அஞ்சலில் அனுப்பும். விமானம் ஏறும் நாளன்று வகுப்பு வைத்துக்கொள்ளாதீர்கள்.

நடுவில் உடைந்து விழுந்தால்?

விழும். என் முதல் டம்ளர் பண்ட்டிக்கு மாறிய பிறகு, வாயை விரிக்கும் கடைசிச் சூட்டில், தரையில் விழுந்து சிதறியது. ஒட்டிய இடத்தை நான் அதிகம் ஆறவிட்டிருந்தேன். பண்ட்டி ஒட்டு விசித்திரமானது. பொருளைத் தாங்கும் அளவுக்கு உறுதியாகவும், ஒரு தட்டில் கழலும் அளவுக்குத் தளர்வாகவும் இருக்க வேண்டும். அன்று ஆசிரியர் எதுவும் சொல்லாமல் துடைப்பத்தால் கண்ணாடியை ஒதுக்கிவிட்டு, புதுக் குழாயை எடுத்துக் கொடுத்தார். “மறுபடி அள்ளுங்கள்” என்றார். அனுபவமுள்ளவர்களின் பொருளும் தரையில் விழுவதை அதன் பிறகு பலமுறை பார்த்தேன். உடைந்தால் இன்னொரு முயற்சிக்கு நேரம் தருவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள்.

கட்டணம் ஏன் இவ்வளவு அதிகம்?

உலை இரவும் பகலும் எரிகிறது. கண்ணாடி உருகும் பாத்திரம் திடீரென்று குளிர்ந்தால் வெடித்துவிடும் என்பதால், வகுப்பில்லாத நாளிலும் அதை அணைக்க முடியாது. அணைத்து மறுபடி ஏற்றப் பல நாள் ஆகும். எரிவாயு, ஆற்றும் உலையின் மின்சாரம், வண்ணக் கண்ணாடி, அருகிலேயே நிற்கும் ஆசிரியர், உதவியாளர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் கேட்பது நியாயமாகவே படும். கட்டணத்தைக் குறைக்க ஒரு வழி, நண்பர் ஒருவரோடு சேர்ந்து பதிவது. சில இடங்களில் இருவர் வகுப்பு தனித்தனி வகுப்புகளைவிட மலிவு.

வீட்டில் தனியாகச் செய்ய முடியாதா?

உலைக் கண்ணாடியைத் தனியாகச் செய்வது மிகக் கடினம். நீங்கள் சுழற்றும்போது ஊத ஒருவர், பண்ட்டி கொண்டுவர ஒருவர், உலைக் கதவைத் திறக்க ஒருவர் வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு இந்தக் கலை பிடித்ததற்கே அது ஒரு காரணம். நல்ல குழுவில் பேச்சே குறைவு. குழாய் தூக்கும் விதத்திலேயே அடுத்து என்ன வேண்டும் என்று மற்றவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் பகுதியின் புகழ்பெற்ற கலைஞர் டேல் சிஹூலி 1976-இல் ஒரு கார் விபத்தில் இடது கண் பார்வையை இழந்தார். சில ஆண்டுகளில் தோளிலும் அடிபட்டது. குழாயைப் பிடிப்பதை அவர் மற்றவர்களிடம் ஒப்படைத்தார். வரைந்து காட்டி, நிறம் சொல்லி, குழுவை நடத்தியே அதன் பிறகு பேரளவில் படைத்தார்.

தனியாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மேசையில் பொருத்திய எரிவாயுச் சுடரில் கண்ணாடிக் கம்பிகளை உருக்கி மணிகளும் சிறு உருவங்களும் செய்வது. வேதியியல் ஆய்வகங்களுக்குக் குழாய்களும் குடுவைகளும் செய்பவர்களும் சுடரில்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் நல்ல காற்றோட்டம் வேண்டும், ஆற்றும் உலையும் வேண்டும். முதலில் வகுப்பில் கற்றுக்கொள்ளுங்கள்.

சாதாரண மக்களுக்கு இந்த வகுப்புகள் எப்போது வந்தன?

கண்ணாடியை ஊதும் முறை கிறிஸ்து பிறப்பதற்குச் சில பத்தாண்டுகள் முன் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் பிறந்தது. அதன் பிறகு அது நெடுங்காலம் பட்டறைக்காரர்களின் சொத்தாகவே இருந்தது. 1291-இல் வெனிஸ் அரசு தீவிபத்துக்கு அஞ்சி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. அங்கே தொழில் ரகசியம் பல தலைமுறைகள் காக்கப்பட்டது. அமெரிக்காவிலும் தொழிற்சாலைக்கு வெளியே ஒருவர் உருகிய கண்ணாடியைத் தொட அப்போது வழியிருக்கவில்லை.

1962-இல் ஹார்வி லிட்டில்டன் என்ற மண்பாண்டக் கலைஞர், ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் சிறு உலை ஒன்றை அமைத்துப் பயிலரங்கு நடத்தினார். முதலில் உருக்கிய கலவை வேலைக்கு ஆகவில்லை. டொமினிக் லாபினோ என்ற கண்ணாடித் துறை ஆய்வாளர், கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிகளை உருக்கச் சொன்னார். அது உருகி ஊதத் தக்கதாக வந்தது. ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊதுநர் ஒருவர் வந்து எப்படி ஊதுவது என்று காட்டினார். லிட்டில்டனின் மாணவரான சிஹூலி 1971-இல் சியாட்டிலுக்கு வடக்கே பில்சக் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1979-இல் முரானோவின் தேர்ந்த கலைஞர் லீனோ தாலியாபியேத்ரா அங்கே கற்பிக்க வந்தார். தன் ஊரார் வெளியே சொல்லக் கூடாது என்று காத்ததை அவர் அமெரிக்க மாணவர்களுக்குத் திறந்து காட்டினார். இன்று நீங்கள் ஒரு சனிக்கிழமை போய்க் குழாயைப் பிடிக்க முடிகிறது என்றால், அதில் அவருக்கும் பங்கு உண்டு.

நம் ஊரில் இந்தக் கலை இருந்ததா?

கண்ணாடி இருந்தது, ஊதும் முறை வேறு கதை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கண்ணாடி மணிகள் செய்தார்கள். அவை ஊதியவை அல்ல, இழுத்தவை. உருகிய கண்ணாடிக் கட்டியின் நடுவே துளை உண்டாக்கி, அதை நீளமான மெல்லிய குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக வெட்டி, மறுபடி சூடாக்கி விளிம்பை மழுக்குவார்கள். இலங்கையின் மாந்தையிலும் தென்கிழக்காசியாவிலும் இதே முறை பரவியது. இந்தோ-பசிபிக் மணிகள் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் இவை கிழக்கு ஆப்பிரிக்காவரை கிடைத்திருக்கின்றன. திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் அந்த முறை நம் காலம்வரை தொடர்ந்தது. மணியின் துளையைக் கடைசிவரை மூடாமல் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய திறமை என்பது, உலைமுன் நின்று ஒரு குமிழியைக் காப்பாற்றப் பாடுபட்ட பிறகே எனக்குப் புரிந்தது.

குழந்தைகள், கருவுற்றவர்கள், இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் சேரலாமா?

குழந்தைகளுக்கான வயது வரம்பு பட்டறைக்குப் பட்டறை மாறும், தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கருவுற்றவர்கள் வெக்கையை முன்னிட்டுத் தள்ளிப்போடுவதே நல்லது. இருக்கைகள் வலக்கைக்காரர்களுக்கு ஏற்பவே அமைந்திருக்கும். ஆனால் இடைவிடாமல் சுழற்றுவது இடது கை என்பதால், இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அப்படியே உட்கார்ந்து பார்க்கலாம்.

செய்த டம்ளரில் குடிக்கலாமா?

குடிக்கலாம். விளிம்பு தீயில் வழவழப்பாகியிருக்கும். அடியில் பண்ட்டி கழன்ற தழும்பு கூராக இருந்தால் பட்டறையிலேயே தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் மேசையைக் கீறும். காபி, ரசம் போன்ற கொதிக்கும் எதையும் ஊற்றாதீர்கள். கையால் ஊதிய டம்ளரின் சுவர் ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் இருக்கும், திடீர்ச் சூட்டைத் தாங்காது. பாத்திரம் கழுவும் இயந்திரமும் மைக்ரோவேவும் வேண்டாம். தண்ணீருக்கும் மோருக்கும் எந்தத் தடையும் இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் என் இரண்டாவது டம்ளரில்தான் நான் இன்றுவரை மோர் குடிக்கிறேன்.